இடைவார் முதுகைக் காக்குமா?

மாலை நேரத்தில் அக்கம்பக்க உடற்பயிற்சிக் கூடங்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. பதினாறு, பதினேழு வயது இளையர் ஒருவர் பளுக்கம்பியின் இரு முனைகளிலும் இரும்புத் தட்டுகளை மாட்டுகிறார். பிறகு, பையிலிருந்து அகலமான தோல் இடைவாரை எடுத்து இடுப்பில் இறுகக் கட்டுகிறார். கம்பியைத் தூக்கும்போது அவருடைய முதுகு வில்லைப்போல் வளைகிறது. அருகில் நிற்கும் நண்பர் அதைச் சுட்டிக்காட்டுகிறார். "பெல்ட் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகாது" என்று அவர் சிரித்துக்கொண்டே பதிலளிக்கிறார்.

அந்தப் பதில் சரியானதா?

தரையில் இருக்கும் பளுக்கம்பியை இரு கைகளாலும் பற்றி, முழங்காலும் இடுப்பும் நிமிரும்வரை தூக்கி நிற்பதை டெட்லிஃப்ட் என்பர். அரிசி மூட்டையைக் குனிந்து தூக்குவதும் ஏறத்தாழ இதே அசைவுதான். இப்பயிற்சி கால், இடுப்பு, முதுகு ஆகியவற்றின் தசைகளை ஒருசேர வலுப்படுத்துகிறது. அதே வேளையில், தவறாகச் செய்தால் கீழ்முதுகு பாதிக்கப்படலாம். ஆகவேதான், இடைவார் அணிவது பற்றிய விவாதம் எழுகிறது. அதை எப்போதும் அணிய வேண்டும் என்கின்றனர் ஒரு சாரார். அது தசைகளைச் சோம்பலாக்கிவிடும், அணியவே கூடாது என்கின்றனர் மற்றொரு சாரார். இரண்டுமே முழு உண்மை அல்ல.

முதலில், இடைவார் எவ்வாறு செயல்படுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பலர் எண்ணுவதுபோல், அது முதுகைப் பின்னாலிருந்து தாங்கும் முட்டு அன்று. பளு தூக்குபவர் மூச்சை ஆழமாக இழுத்து அடக்கி, வயிற்றுத் தசைகளை இறுக்குகிறார். அதனால் வயிற்றின் உள்ளே அழுத்தம் கூடுகிறது. திறக்கப்படாத குளிர்பான டின்னைக் கையால் நசுக்குவது கடினம். அதையே திறந்து காலி செய்துவிட்டால் எளிதில் நசுங்கிவிடும். உள்ளிருக்கும் அழுத்தமே டின்னுக்கு உறுதியைத் தருகிறது. முதுகெலும்புக்கும் வயிற்றின் உள்ளழுத்தம் அப்படித்தான் துணை நிற்கிறது. வயிற்றுத் தசைகள் எதிர்த்து அழுத்துவதற்கு இடைவார் ஒரு சுவராக அமைகிறது. அச்சுவரை எதிர்த்து அழுத்தும்போது தசைகள் உழைக்கவே செய்கின்றன. எனவே, இடைவார் தசைகளை உறங்கச் செய்துவிடும் என்பது மிகைக்கூற்றே.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 1989ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், ஒன்பது பேர் தங்களால் தூக்க முடிந்த உச்ச எடையில் 90 விழுக்காட்டை இடைவாருடனும் இடைவாரின்றியும் தூக்கினர். இடைவார் அணிந்தபோது வயிற்றின் உள்ளழுத்தம் கூடியது. பளுதூக்கும் வீரர்கள் பலர் கனமான எடைக்கு இடைவாரை நாடுவதற்கு இதுவே காரணம். அனைத்துலகப் பளுதூக்கும் போட்டிகளும் அதை அனுமதிக்கின்றன. டெட்லிஃப்ட் இடம்பெறும் பவர்லிஃப்டிங் போட்டிகளில் இடைவாரின் அகலம் 10 சென்டிமீட்டருக்கும், தடிப்பு 13 மில்லிமீட்டருக்கும் மேற்படக் கூடாது என்ற விதியும் இருக்கிறது.

ஆனால், உள்ளழுத்தம் கூடுவது வேறு. காயம் தடுக்கப்படுவது வேறு. அமெரிக்காவில் 160 கடைகளைச் சேர்ந்த 9,000க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் பெரிய ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2000ஆம் ஆண்டில் வெளியாயின. நாள்தோறும் பொருள்களைத் தூக்கும் அந்த ஊழியர்களில், முதுகுப் பட்டை அணிந்தவர்களுக்கு முதுகுக் காயமோ வலியோ குறைந்ததாகத் தெரியவில்லை. கடை ஊழியர்களின் மெல்லிய பட்டையும் வீரர்களின் தடித்த தோல் இடைவாரும் ஒன்றல்ல என்பது உண்மையே. எனினும், இடுப்பில் எதையோ கட்டிக்கொண்டாலே முதுகு பாதுகாப்பாக இருக்கும் என்ற நம்பிக்கையை அந்த முடிவு அசைத்துவிட்டது.

இங்குதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. இடைவார் துணிச்சலைத் தருகிறது; ஆனால், திறனைத் தருவதில்லை. அதை அணிந்ததும் ஒருவர் கம்பியில் இன்னும் இரண்டு தட்டுகளை மாட்டத் துணிகிறார். வளைந்த முதுகு வளைந்தபடியே இருக்கிறது. எடை மட்டும் கூடிவிடுகிறது. லாட்வியா நாட்டு வீரர் கான்ஸ்டான்டின் கான்ஸ்டான்டினோவ்ஸ் 2009ஆம் ஆண்டு 426 கிலோகிராம் எடையை இடைவார் இல்லாமலேயே தூக்கினார். இங்கிலாந்தின் எடி ஹால் 2016ஆம் ஆண்டு 500 கிலோகிராம் எடையை இடைவார் அணிந்து தூக்கினார். ஒருவர் அணியவில்லை, மற்றவர் அணிந்தார். இருவரையும் அந்த உயரத்திற்குக் கொண்டு சென்றது பல்லாண்டுப் பயிற்சிதான்.

மற்றொன்றையும் மறக்கக் கூடாது. மூச்சை அடக்கிப் பளு தூக்கும்போது இரத்த அழுத்தம் சிறிது நேரத்திற்கு வெகுவாக உயர்கிறது. ஆகவே, உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனை பெறாமல் இத்தகைய முயற்சியில் இறங்கக் கூடாது.

அப்படியானால், இடைவாரை எப்போது அணியலாம்? புதிதாகப் பயில்பவர், முதல் சில மாதங்களுக்கு அதைப் பையிலேயே வைத்திருப்பது நல்லது. முதுகை நேராக வைத்தல், இடுப்பை மடக்கிக் குனிதல், கம்பியைக் காலையொட்டித் தூக்குதல், மூச்சை அடக்கி வயிற்றை இறுக்குதல் ஆகியவற்றை இலேசான எடையில், தகுதியுள்ள பயிற்றுநரின் மேற்பார்வையில் பழக வேண்டும். இவை கைவந்த பிறகு, உச்ச எடையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தாண்டும் கனமான சுற்றுகளுக்கு மட்டும் இடைவாரைப் பயன்படுத்தலாம். வயிற்றை உப்பச் செய்து அழுத்த இடம் இருக்குமாறு அதைக் கட்ட வேண்டும். சுற்று முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். உடல்சூட்டுப் பயிற்சிக்கோ இலேசான எடைக்கோ அது தேவையில்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர். பளுதூக்குபவருக்கு அவருடைய முதுகே சுவர். அதைத் தோலால் ஆன வாரைக் கொண்டு ஒரு மாலையில் எழுப்பிவிட முடியாது; பொறுமையான பயிற்சியால்தான் எழுப்ப முடியும். உடற்பயிற்சிக் கூடத்தில் கண்ட அந்த இளையர், அன்று இடைவாரைக் கழற்றிவிட்டு, இரண்டு தட்டுகளையும் இறக்கிவைத்து, நண்பரின் சொல்லைக் கேட்டு முதலிலிருந்து தொடங்கியிருந்தால், அதுவே அவர் தம் முதுகுக்கு அளித்த சிறந்த பாதுகாப்பாக இருந்திருக்கும்.