சொந்த வீட்டுக்கு வாடகை கேக்குறான்... (ஒரு பொட்டி தட்டுறவனின் புலம்பல்)

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்களே. ஆணி அதிகம். தினமும் அத்திப்பள்ளி டிராஃபிக்ல பாதி ஆயுசு போகுது, மீதிய ஆபீஸ்காரன் எடுத்துக்கறான். இன்னைக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் சூடா இருக்கும், பொறுத்துக்கோங்க.

டேட்டா சென்டர்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கண்ணாடிக் கதவு, நீல விளக்கு, கைரேகை வச்சாதான் திறக்கும், அதானே? எங்க ஓசூர் சிப்காட்ல டேட்டா சென்டர்னா ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்துல எட்டுக்கு எட்டு ரூம். ஒரு ஸ்ப்ளிட் ஏசி, ஒரு யூ.பி.எஸ்., ஒரு ரேக். ரேக் மேல போன ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் குங்குமம் இன்னும் காய்ஞ்சு ஒட்டிட்டு இருக்கும். சிரிக்காதீங்க. பெரிய வண்டிக் கம்பெனிங்களுக்கு உதிரி பாகம் செஞ்சு குடுக்கற நூத்துக்கணக்கான சின்னப் பட்டறைங்களோட கணக்கு, ஸ்டாக், டிராயிங் எல்லாம் இப்படி ரூம்லதான் இருக்கு. அந்த ரேக் ஒருநாள் படுத்தா டெலிவரி சலான் அடிக்க முடியாது. சலான் இல்லேன்னா லாரி கேட்டைத் தாண்டாது. லாரி போகலேன்னா அந்தப் பக்கம் லைன் நிக்கும். அதுக்கு அபராதம் இந்தப் பக்கம்.

2019ல படிப்பு முடிச்சு முதல் வேலைக்குச் சேர்ந்த புதுசு. அப்படி ஒரு பட்டறைக்கு அனுப்புனாங்க. ஏழெட்டு பழைய டவர் சர்வர், ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு வேலை. ஒண்ணுல கணக்கு, ஒண்ணுல ஈ.ஆர்.பி., ஒண்ணுல டிராயிங். முக்கால்வாசி நேரம் சும்மா சுத்திக்கிட்டு கரண்ட்டை மட்டும் குடிச்சிட்டு இருந்துச்சு. நான்தான் பெரிய மேதாவி மாதிரி முதலாளிகிட்ட சொன்னேன், "சார், வர்ச்சுவலைசேஷன் பண்ணிடலாம். ரெண்டு நல்ல சர்வர் வாங்குங்க. மத்ததெல்லாம் அதுக்குள்ள வர்ச்சுவல் மெஷினா ஓடும்."

அவரு கேட்ட ஒரே கேள்வி: "தம்பி, ஒரு தடவை வாங்கினா நம்மளுதுதானே?"

"ஆமா சார், ஆயுசுக்கும் உங்களுதுதான்"ன்னேன். வி.எம்.வேர் போட்டோம். நல்லா ஓடுச்சு. பொய் சொல்லக் கூடாது, அருமையான சரக்கு அது.

இப்ப கதைக்கு வருவோம். 2023 நவம்பர்ல பிராட்காம் வி.எம்.வேரை வாங்கி முடிச்சது. அடுத்த மாசமே ஆயுசு லைசென்ஸ் விக்கறது நிறுத்தம், இனி எல்லாமே சந்தாதான்னு அறிவிப்பு. பழைய லைசென்ஸ் செல்லும், ஆனா அதோட சப்போர்ட்டைப் புதுப்பிக்க முடியாது. அதாவது லேத் உன்னோடதுதான், ஆனா மெக்கானிக்கும் வரமாட்டான், ஸ்பேரும் கிடைக்காது, வேணும்னா இனி லேத்துக்கு வாடகை கட்டு. சின்னக் கம்பெனிக்குன்னே வச்சிருந்த எசென்ஷியல்ஸ் தொகுப்பையும் 2024 முடியறதுக்குள்ள மூடியாச்சு.

இதுல இன்னொரு கூத்து கேளுங்க. சந்தா கணக்கு கோருக்கு இவ்ளோன்னு. ஆனா ஒரு சி.பி.யூ.வுக்குக் குறைஞ்சது 16 கோருக்குக் கட்டணும். நம்ம பட்டறைல ரெண்டு சர்வர், சர்வருக்கு ரெண்டு சி.பி.யூ., ஒவ்வொண்ணுலயும் 8 கோர். நிஜத்துல இருக்கறது 32, பில்லு வர்றது 64க்கு. பந்தில 8 பேரு உக்காந்தாலும் 16 இலைக்குக் காசு எடுன்னா எப்படி இருக்கும்?

"அப்டேட் இல்லாமலே ஓட்டிட்டுப் போ, யாரு கேக்கப் போறா"ன்னு சில அண்ணாத்தைங்க சொல்றாங்க. அது ஆகாது சாமி. 2023 பிப்ரவரில உலகம் பூரா ஆயிரக்கணக்கான ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. சர்வர்களை ரான்சம்வேர் பூட்டுச்சே, அதுல பேசப்பட்ட ஓட்டைக்கு 2021லயே பேட்ச் வந்தாச்சு. போடாதவன் மாட்டுனான். 2025 மார்ச்ல மறுபடி, வர்ச்சுவல் மெஷினுக்குள்ள இருந்து வெளிய குதிக்கற அளவுக்கு ஓட்டை. மிக அபாயமான ஓட்டைக்கு மட்டும் பழைய ஆளுங்களுக்கும் பேட்ச் குடுப்போம்னு பிராட்காம் 2024ல சொன்னது உண்மைதான். ஆனா நம்ம பட்டறைல ஓடற 7ஆம் வெர்ஷனுக்கு 2025 அக்டோபர் 2ஓட பொது சப்போர்ட்டே முடிஞ்சு போச்சு.

சரி, பிராட்காமைத் திட்டறதுக்கா இந்தப் பதிவு? இல்லை. அவன் காசு போட்டு வாங்குனான், விலையை அவன் வைக்கறான். ஏ.டி. அண்ட் டி.யே 2024ல கோர்ட்டுக்குப் போயி அப்புறம் சமரசம் ஆனான். இங்கிலாந்துல டெஸ்கோ 2025ல கேஸ் போட்டான். அவனுங்களுக்கு வக்கீல் இருக்கான். ஓசூர் பட்டறைக்காரருக்கு யாரு இருக்கா? நாமதான். என் கோவமே நம்ம மேலதான்.

சப்போர்ட் முடியப் போற நேரத்துல முதலாளி பழகுன ஒரு டீலரைக் கூப்பிட்டாரு. (பேரு வேணாம்.) டை கட்டுன ஒரு பையன் கொட்டேஷனோட வந்தான். என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. "வேற வழியே இல்ல சார், இதைக் கட்டுங்க, இல்லேன்னா எல்லாத்தையும் கிளவுடுக்குத் தூக்கிடுங்க"ன்னான். வெளிய டீ குடிக்கறப்ப கேட்டேன், "ஏன் நண்பா, கே.வி.எம். பத்தி சொல்லலாம்ல?" "அப்படின்னா என்ன ப்ரோ?"ன்னான். கையில மூணு சர்டிஃபிகேட் வச்சிருக்கான் மக்களே! சிரிக்கலாம்னு பார்த்தா சிரிப்பு வரலை. 2019ல நானும் அதே பையன்தான். எங்க பட்டனை அழுத்தணும்னு தெரியும். பட்டனுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாது.

இத்தனைக்கும் பின்னாடி இருக்கறது பரம ரகசியமா? ஐ.பி.எம். 1972லயே தன்னோட பெரிய மெஷின்கள்ல வி.எம்./370ன்னு இதே வேலையைப் பண்ணிட்டான். 2005, 2006ல இன்டெல், ஏ.எம்.டி. ரெண்டு பேரும் இதுக்கான வசதியை சிப்லயே வச்சாங்க. 2007 பிப்ரவரில வந்த 2.6.20 கெர்னல்ல இருந்து கே.வி.எம். லினக்ஸுக்குள்ளயே உக்காந்திருக்கு. பத்து பைசா லைசென்ஸ் இல்லாம!

"ஓசி சரக்கை நம்பி ஃபேக்டரி ஓட்டலாமா"ன்னு அடுத்த கேள்வி வரும். அய்யா, நீங்க தூக்கிட்டுப் போங்கன்னு சொல்ற கிளவுடு எதுல ஓடுதுன்னு நெனைக்கறீங்க? கூகுள் கிளவுடு ஓடறது கே.வி.எம்.ல. அமேசானோட நைட்ரோவும் அதுல இருந்து வந்ததுதான். அவனுக்குப் போதும், நம்ம சிப்காட் பட்டறைக்குப் பத்தாதா?

"சப்போர்ட் யாரு குடுப்பா?" இது நியாயமான கேள்வி. வியன்னாக்காரன் செய்யற ப்ராக்ஸ்மாக்ஸ் 2008ல இருந்து இருக்கு. உள்ள டெபியனும் கே.வி.எம்.மும்தான். சப்போர்ட் வேணும்னா சாக்கெட் கணக்குல காசு கட்டிக்கலாம், கோரை எண்ண மாட்டான். வீம் பேக்கப்பும் 2024ல இருந்து ப்ராக்ஸ்மாக்ஸுக்கு வருது. இல்லையா, விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு முறைப்படி வாங்கி வச்சிருக்கீங்களா? அதுலயே ஹைப்பர்-வி இருக்கு, ரெண்டு வர்ச்சுவல் விண்டோஸுக்கு உரிமையும் இருக்கு. ஏற்கனவே காசு குடுத்த பொருள் பரண்ல கிடக்கு, அதைச் சொல்ல ஆள் இல்ல.

நோகாம ஆச்சுன்னு புளுக மாட்டேன். நாலு ஞாயித்துக்கிழமை போச்சு. முதல் விண்டோஸ் மெஷினை மாத்துனதும் நீல ஸ்கிரீன். விர்ட்டயோ டிரைவர் இல்ல. டிஸ்க்கை முதல்ல சாட்டாவா காட்டி பூட் பண்ணி, டிரைவரைப் போட்டு, அப்புறம் மாத்தணும். ஒரு சாஃப்ட்வேர் லைசென்ஸ் நெட்வொர்க் கார்டோட மேக் நம்பர்ல கட்டியிருந்துச்சு, பழைய நம்பரையே குடுக்க வேண்டியிருந்தது. ரெண்டே சர்வர் இருந்தா ஒண்ணு படுத்ததும் இன்னொண்ணு "நான் ஒருத்தன்தான் இருக்கேன், பெரும்பான்மை இல்ல"ன்னு முரண்டு பிடிக்கும். மூணாவது ஓட்டுக்கு மூலைல கிடந்த பழைய டெஸ்க்டாப்பை உக்கார வச்சோம். முக்கியமா, ஸ்னாப்ஷாட் எடுத்துட்டு பேக்கப் எடுத்தாச்சுன்னு தூங்கிடாதீங்க. டிஸ்க் போனா ரெண்டும் சேந்துதான் போகும்.

எல்லாரும் மாறுங்கன்னும் சொல்லலை. நூறு ஹோஸ்ட், தனி ஐ.டி. டீம்னு வச்சிருக்கற பெரிய ஆலைக்கு அந்தச் சந்தா கட்டுபடியாகலாம். அவங்க கணக்கு வேற. ஆனா பெரிய கம்பெனி வருசா வருசம் பாகத்தோட விலையைக் குறைன்னு அமுக்கும்போது, தீபாவளி போனஸுக்கு ஓவர் டிராஃப்ட் எடுக்கற முதலாளிகிட்ட "வேற வழியே இல்ல"ன்னு ஒரு இன்ஜினியர் சொல்றது அறியாமை இல்லீங்க, துரோகம். அந்தப் பணம் ஷிஃப்ட்ல நிக்கறவனோட பணம்.

எல்காட்ல உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்தப்ப, 2000களோட பின்பாதில, அரசாங்கப் பொட்டிகள்ல சூஸே லினக்ஸைக் கொண்டு வந்தாரு. அது அந்தக் காலத்துலயே நம்ம ஊர்ல நடந்த விஷயம். ஒரு அரசாங்க நிறுவனத்துக்கு இருந்த துணிச்சல், பி.ஈ. முடிச்சு சிலிக்கான் வேலின்னு பீத்திக்கற நமக்கு இல்லாமப் போச்சே?

கடைசி ஞாயிறு எல்லாம் ஓட ஆரம்பிச்சதும் முதலாளி உள்ள வந்து ரேக்கைப் பாத்தாரு. "தம்பி, இதுவாவது நம்மளுதுதானே?"ன்னாரு. இந்தத் தடவை பட்டுனு ஆமான்னு சொல்ல வாய் வரலை. "சாஃப்ட்வேர் யாரோடதும் இல்ல சார். ஆனா இதை ஓட்டத் தெரிஞ்ச ஆளு உங்ககிட்டயே இருக்கணும்"னேன். இப்ப அவரு ஸ்டோர்ல பில் போடற டிப்ளமோ பையனை சனிக்கிழமை சனிக்கிழமை என்கிட்ட அனுப்பறாரு. சர்டிஃபிகேட் எதுவும் கிடையாது. போன வாரம் தனியாவே ஒரு பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணிக் காட்டுனான்.

டிஸ்கி 1: வி.எம்.வேர் வெறியர்கள் பின்னூட்டத்துல வந்து கும்மலாம், பழகிப் போச்சு. இலவச ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. 2024ல நிறுத்துனதை 2025 ஏப்ரல்ல திரும்பக் குடுத்துட்டாங்களேன்னு வர்றவங்களுக்கு: தெரியும். வி-சென்டரோட சேராது, முறையான பேக்கப் சாஃப்ட்வேரும் அதோட பேசாது. வீட்ல விளையாட ஓகே.

டிஸ்கி 2: சக பதிவர்கள்ல இந்த மாதிரி மாத்துனவங்க யாராச்சும் இருந்தா, எங்க அடி வாங்குனீங்கன்னு தமிழ்ல ஒரு பதிவு போடுங்க சாமி. அந்தப் பையனுக்குப் படிக்கக் குடுக்கணும்.