திரும்பி வந்தவருக்குத் திண்ணை எங்கே?

ஊர்த் திருவிழாவில் அதிர்வேட்டு முழங்குகிறது. சிறுவர்கள் ஆர்ப்பரிக்கின்றனர். படையிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் மட்டும் காதுகளைப் பொத்திக்கொண்டு வீட்டினுள் ஒடுங்குகிறார். “மிலிட்டரிக்காரருக்கே வேட்டு என்றால் பயமா?” என்று நாம் நகைக்கிறோம். குஜிலியம்பாறைச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் வாழும் நாம், அந்த நகைப்பு எத்தகைய கொடுமை என்று ஒருநாளேனும் எண்ணியதுண்டா?

1987-இல் இந்திய அமைதிப்படை இலங்கைக்கு அனுப்பப்பட்டது. ஏறத்தாழ 1,200 வீரர்கள் அங்கே மாண்டனர். 1990 மார்ச்சில் எஞ்சிய படையினர் சென்னைக்குத் திரும்பியபோது, அன்றைய முதல்வர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. ஈழத் தமிழர் அப்படையால் பட்ட துயரத்திற்கு அது கண்டனமாக அமைந்தது. அத்துயரம் மெய், அதை மறைப்பது அறமாகாது. தவறிழைத்தவர் சட்டத்தின்முன் நிற்கட்டும். ஆனால் போரை எதிர்ப்பது வேறு. போருக்கு அனுப்பப்பட்டவருக்கு வாயிலை அடைப்பது வேறு. அவர்களில் தமிழ் வீரர்களும் இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் 1970-இல் நியூயார்க்கில் தங்களுக்குள் கூடிப் பேசத் தொடங்கினர். அவர்களுடைய துன்பமே, 1980-இல் மருத்துவ உலகம் இந்த மனவடுவைத் தனி நோயாக ஏற்பதற்குப் பெரிதும் வழிகோலியது. ஒருவரிடம் இந்நோய் வேரூன்றுவதற்கான காரணங்களை ப்ரூவின் குழுவினர் 2000-இல் தொகுத்து ஆராய்ந்தனர். பேரிடருக்குப்பின் உற்றார் துணையின்மை அவற்றுள் வலிமையான ஒன்று எனக் கண்டனர். போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும், போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சிதைக்கிறது என்றும், ஊரோடு சேர்ந்தே அதை ஆற்றவேண்டும் என்றும் வலியுறுத்தி வருகிறார். அதே போரின் மறுகரையிலிருந்து வந்த பாடம் இது!

“ஓய்வூதியம் உண்டு, 2003 முதல் மருத்துவத் திட்டமும் உண்டு, இன்னும் என்ன வேண்டும்?” என்று கேட்போர் உளர். பணம் பசியை ஆற்றும். மாத்திரை உறக்கம் தரும். இரண்டும் தேவையே. ஆனால் இரவில் அலறி எழுபவரின் அருகில் அமர்ந்திருக்க அவற்றால் இயலுமா? கேன்டீன் மதுப்புட்டிக்காக அவர் வீட்டுக் கதவைத் தட்டத் தெரிந்த நமக்கு, அவர் கதையைக் கேட்பதற்குத் தட்டத் தெரியவில்லை. பிறகு அவரையே குடிகாரர் என்று தூற்றுகிறோம்.

மாதம் ஒருமுறை முன்னாள் வீரர்கள் ஊர்ப் பொதுவிடத்தில் கூடட்டும், மனைவியரும் உடனிருக்கட்டும். யாரையும் வற்புறுத்திப் பேசவைக்க வேண்டாம். பேசும்போது குறுக்கிடவும் வேண்டாம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை அழைப்போம். 14416 என்னும் இலவச மனநல உதவி எண்ணை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைப்போம். வேட்டு வெடிக்கும் நேரத்தை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

எல்லையைக் காத்தவருக்கு நம் திண்ணையில் ஓர் இடம் தர இயலாதெனில், கொடிநாளன்று நாம் உண்டியலில் இடும் காசுக்குப் பொருள் என்ன?