வீல்சேருக்கும் சைஸ் உண்டு

செருப்புக் கடைக்குப் போகிறவர் முதலில் சொல்வது நம்பரைத்தான். ஏழா, எட்டா என்று பார்த்து, போட்டுப் பார்த்து, கடைக்குள்ளேயே நாலு அடி நடந்து பார்த்த பிறகுதான் காசை எடுக்கிறார். இருநூறு ரூபாய் செருப்புக்கே இத்தனை சோதனை! ஆனால் காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை ஒரு மனிதர் உட்கார்ந்தே இருக்கப்போகிற சக்கர நாற்காலிக்கு மட்டும் யாரும் நம்பர் கேட்பதில்லை. சர்ஜிக்கல் கடையில் "ஒரு வீல்சேர் கொடுங்க" என்றால் மடக்கி வைத்திருக்கும் ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். விலை என்ன, துரு பிடிக்குமா, கொஞ்சம் குறைத்துக் கொடுப்பீர்களா... அதோடு வியாபாரம் முடிந்தது. அதில் உட்காரப்போகிறவர் பெரும்பாலும் கடைக்கே வந்திருக்க மாட்டார்.

காமர்ஸ் பாடத்தில் வாங்குபவர் வேறு, பயன்படுத்துபவர் வேறு என்று ஒரு பாகுபாடு உண்டு. அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வாங்குகிறவர் மகனாகவோ, அறக்கட்டளையாகவோ, அரசாங்கமாகவோ இருக்கிறார். அவர் பார்ப்பது விலையை. அளவு சரியில்லாததால் வருகிற வலி அவருடைய முதுகில் வருவதில்லையே!

இத்தனைக்கும் இந்த மடக்கு நாற்காலி பிறந்த கதை வேறு மாதிரி. 1933ல் அமெரிக்காவில் ஹாரி ஜென்னிங்ஸ் என்ற பொறியாளர் தன் நண்பர் ஹெர்பர்ட் எவரெஸ்டுக்காக இதைச் செய்தார். எவரெஸ்ட் சுரங்க விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டவர். காரில் ஏற்றிக்கொண்டு போக வசதியாகப் பெருக்கல் குறி போன்ற சட்டத்தில் மடங்குகிற நாற்காலி அவருக்குத் தேவைப்பட்டது. ஒரே ஒரு மனிதரின் தேவையைப் பார்த்துச் செய்தது! அதே மடக்குச் சட்டம்தான் இன்று கடைகளில் 18 அங்குல சீட்டோடு எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்குப் பத்து நிமிடம் தள்ளிக்கொண்டு போக அது போதும். பத்து வருடம் உட்கார்ந்திருக்கப் போதாது.

ஏன் போதாது? பக்கவாதம் வந்த ஒரு பெரியவரை எடுத்துக்கொள்ளலாம். வலது கையும் வலது காலும் வரவில்லை. இடது பக்கம் நன்றாக இருக்கிறது. அவரால் இடது கையால் சக்கரத்தைத் தள்ளி, இடது காலால் தரையை உந்தி, வீட்டுக்குள் தானாகவே போய்வர முடியும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை, பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். கடை நாற்காலியின் சீட் உயரம் சாதாரணமாக 20 அங்குலம் இருக்கும். குள்ளமான ஆளுக்குக் கால் அந்தரத்தில் தொங்கும். சீட்டை இரண்டு மூன்று அங்குலம் இறக்கி, அந்தப் பக்கத்துக் கால் தாங்கியைக் கழற்றிவிட்டால் அவர் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் மருமகளைக் கூப்பிட வேண்டும். மூன்று அங்குலத்தில் ஒரு மனிதரின் மானம் இருக்கிறது என்றால் மிகையா?

சர்க்கரை நோயால் இரண்டு கால்களையும் தொடைக்கு மேல் எடுத்துவிட்டவரின் பிரச்சினை இதற்கு நேர் எதிர். முன்னால் கால்களின் எடை இல்லாததால் உடம்பின் பாரம் முழுவதும் பின்பக்கம் போய்விடுகிறது. சாதாரண நாற்காலியில் ஒரு சின்ன மேட்டில் ஏறினாலே மல்லாந்து விழும் ஆபத்து. அவருக்குப் பின் சக்கரத்தின் அச்சை இன்னும் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். ஆனால் மரத்திலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்த இளைஞருக்கு, தோளில் பலம் இருந்தால், அதே அச்சைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவருவதுதான் நல்லது. தள்ளுவது சுலபமாகும், தோள்பட்டையும் சீக்கிரம் தேயாது. இரண்டு பேருக்கும் ஒரே நாற்காலியைக் கொடுத்துவிட்டு உதவி செய்ததாகச் சொல்லிக்கொள்வது நியாயமா?

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குத் தலைக்கும் இடுப்புக்கும் பக்கவாட்டிலும் தாங்கல் வேண்டும். தசைச் சிதைவு நோய் முற்றியவருக்கு மோட்டார் நாற்காலிதான் வழி, ஆனால் அதைத் தூக்கி ஆட்டோவில் வைக்க முடியாது. கொஞ்சம் நடக்கக்கூடிய தாத்தாவைக் கோவிலுக்குக் கூட்டிப்போக நாலும் சின்னச் சக்கரமாக உள்ள, பிறர் தள்ளும் நாற்காலியே போதும்.

எல்லா அளவுகளிலும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது சீட்டின் அகலம். "கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும், வசதியா உட்காரட்டும்" என்று வாங்குகிறார்கள். ஒல்லியான ஆள் அகலமான சீட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார், நாளடைவில் முதுகும் அதே பக்கம் வளையும். சக்கரத்தை எட்டிப்பிடிக்கக் கையை அகல விரிக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலத்தோடு ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு. அவ்வளவுதான். ஆழம் என்றால் முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதில் இரண்டு விரல் கட்டை குறைத்துக்கொள்ள வேண்டும்.

அகலத்தில் இன்னொரு வம்பும் இருக்கிறது. 18 அங்குல சீட் என்றால் சக்கரமும் கைவளையமும் சேர்ந்து மொத்த அகலம் 25 அங்குலத்துக்குக் குறையாது. நம்மூர் வீடுகளில் பாத்ரூம் கதவு பலவற்றில் 24 அங்குலம்தான்! நாற்காலி கூடம் முழுக்கச் சுற்றும், போயே ஆக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகாது. வாங்குவதற்கு முன்னால் நிலைக்கதவுகளை ஒருமுறை அளந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

இனி படுக்கைப் புண். பெயரைப் பார்த்து இது படுத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கும் வரும். முதுகுத்தண்டில் அடிபட்டவருக்குப் பிட்டத்தில் உணர்ச்சி இருக்காது. துணி சீட் தொட்டில் மாதிரி தொய்ந்து, உட்காரும் எலும்பு ஒரே இடத்தில் அழுத்தும்போது அவருக்குத் தெரியவே தெரியாது. புண் வந்த பிறகு மாதக்கணக்கில் குப்புறப் படுத்துக்கிடக்க வேண்டியதுதான். சிலருக்கு உயிரே போகிறது. ஆகவே அவருக்கு குஷன் என்பது கூடுதல் வசதி அல்ல, நாற்காலியின் பாதி அதுதான். மெடிக்கல் கடையில் விற்கிற காற்றடைத்த வளையத்தை வாங்கிப் போடுகிறார்கள். நடுவில் ஓட்டை இருப்பதால் நல்லது என்று நினைப்பு. உண்மையில் அந்த வளையம் சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது.

குஷன் சரியா என்று பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள் ஒரு சுலபமான சோதனை செய்கிறார்கள். உட்கார்ந்திருப்பவரின் எலும்புக்கும் குஷனுக்கும் நடுவே விரல் நுனியை நுழைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பது. அசைந்தால் நல்லது. விரலே நசுங்கினால் ஆபத்து. இதற்கு எந்த மெஷினும் வேண்டாம்.

"ஒன்றுமே இல்லாததற்கு ஏதோ ஒன்று பரவாயில்லையே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. டான் ஷேன்டார்ஃபர் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1979ல் மொராக்கோவில் ஒரு பெண் தரையில் ஊர்ந்து சாலையைக் கடப்பதைப் பார்த்தார். அது மனதை விட்டுப் போகவில்லை. பிற்பாடு தோட்டத்தில் போடும் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் சைக்கிள் சக்கரத்தைப் பொருத்தி மிகமிகக் குறைந்த விலையில் ஒரு வீல்சேர் செய்து, 2001ல் அதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். லட்சக்கணக்கானவர்களுக்கு இலவசமாகப் போனது. ஊர்ந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆனால் அதே அமைப்பு பிறகு அளவு மாற்றக்கூடிய மாடல்களையும் கொண்டுவந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008ல் வசதி குறைந்த நாடுகளுக்கென்றே வீல்சேர் வழிகாட்டி வெளியிட்டபோது எட்டுப் படிகளைச் சொன்னது. அதில் ஆளைப் பரிசோதிப்பதும், பொருத்திப் பார்ப்பதும், ஓட்டக் கற்றுக்கொடுப்பதும், பிறகு தொடர்ந்து கவனிப்பதும் உண்டு. நாற்காலியைக் கையில் கொடுப்பது மட்டும் சேவையல்ல என்பதுதான் அதன் சாரம்.

இங்கே முகாம் என்றால் பந்தல், மேடை, வரிசையாக ஒரே மாதிரி நாற்காலிகள், ஒரு குரூப் போட்டோ. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 54 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் வீல்சேர் தேவையில்லைதான். தேவைப்படுகிறவர்களுக்கு நூறு பொருந்தாத நாற்காலிகள் கொடுப்பதைவிட அறுபது பொருந்தியவை கொடுப்பது மேல். போட்டோவில் கூட்டம் குறைச்சலாகத் தெரியும், அவ்வளவுதானே?

பணம் எங்கே என்று கேட்கலாம். கடை நாற்காலி ஆறாயிரம், ஏழாயிரத்துக்குக் கிடைக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் குழு உருவாக்கி 2021ல் சந்தைக்கு வந்த நியோஃபிளை ஆளுக்கேற்ப அளவெடுத்துச் செய்வது, அறிமுக விலை கிட்டத்தட்ட 40,000. வித்தியாசம் பெரிது. ஆனால் மலிவு நாற்காலியின் கணக்கில் ஒரு முறை படுக்கைப் புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த செலவையும், வேலைக்குப் போகாத மாதங்களையும், கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் சம்பள இழப்பையும் சேர்த்து எழுதினால் எது மலிவு? பேலன்ஸ் ஷீட்டில் பாதியை மறைத்துவிட்டு லாபம் காட்டுகிற வேலை இது.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966ல் அவர் முயற்சியால் அங்கே மறுவாழ்வு மையமே வந்தது. ஆபரேஷன் மேஜை உயரத்துக்கும் அவர் உட்காரும் உயரத்துக்கும் பொருத்தம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கைகள் என்ன ஆகியிருக்கும்?

நாளைக்கே ஒரு வீட்டில் வீல்சேர் வாங்க வேண்டி வந்தால் கடைக்கு முன்னால் போக வேண்டிய இடம் பிசியோதெரபிஸ்ட்டிடம். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். உட்காரப்போகிறவரையும் அழைத்துக்கொண்டு, பாத்ரூம் கதவின் அளவை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போகலாம். குழந்தைக்கு என்றால் வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும். ஐந்து வயதில் முகாமில் வாங்கிய நாற்காலியில் முழங்கால் முட்ட முட்ட உட்கார்ந்திருக்கும் ஒன்பது வயதுப் பையன்கள் இன்னும் இருக்கிறார்கள்.