போரை ஆழப்படுத்தும் முன் ஒரு கடலோரப் பயணம்

கேள்வி: கடலிலிருந்து 4 கி.மீ. தூரத்தில் தென்னந்தோப்பு உள்ளது. இரண்டு வருடமாக போர் தண்ணீர் கரிக்கிறது. இன்னும் 100 அடி இறக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்குமா?
– வாசகர், பேராவூரணி வட்டாரம்

பதில்: இதே கேள்வியோடு தவித்த சேதுபாவாசத்திரம் பகுதி விவசாயி ஒருவரின் கதையே இதற்குப் பதிலாக அமையும்.

அவருக்கு இரண்டு ஏக்கர் தோப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வீசிய கஜா புயலில் 140 தென்னையில் 11 மட்டுமே மிஞ்சின. மறுபடி கன்று நட்டு, அது பாளை விடும் நேரத்தில் போர் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. மனைவியின் நகையை அடகு வைத்து போரை ஆழப்படுத்த முடிவு செய்திருந்தார். புயலுக்குப் பிறகு அவருடைய அப்பா தோப்பையும் வீட்டையும் விட்டு எங்கும் போனதில்லை. பேரப்பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல், மாசி முதல் வாரத்தில் மைத்துனரின் காரை இரவல் வாங்கிக் கொண்டு குடும்பத்தோடு கிளம்பினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொடியக்கரை வரை போய் வருவதாகத் திட்டம். தூரம் 100 கி.மீ. அளவுதான். அவசரமாக ஓட்டினால் மூன்று மணி நேரம் போதும். அவர்கள் இரண்டு நாள் எடுத்துக் கொண்டார்கள்.

மனோராவும் கடற்பசுவும்

முதலில் மல்லிப்பட்டினம் அருகே உள்ள மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக, 1814-15 இல் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம் இது. பக்கத்து ஊரிலேயே இருந்தும் பிள்ளைகள் அதுவரை பார்த்ததில்லை. எதிரே உள்ள பாக் விரிகுடாவில் அலை அதிகம் இருக்காது. ஆழம் குறைந்த அந்தக் கடலடியில் கடற்புல் வளர்கிறது, அதை மேய்ந்துதான் கடற்பசு வாழ்கிறது. அதைக் காக்க, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பு 2022 இல் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. "கடல்லயும் மேய்ச்சல் நிலம் இருக்கா!" என்று தாத்தா சிரித்தார். வெகுநாள் கழித்து அவர் சிரித்ததை மருமகள் கவனித்தார்.

அலையாத்திக் காட்டில் படித்த பாடம்

அதிராம்பட்டினம் தாண்டி, முத்துப்பேட்டை அருகே ஜாம்புவானோடையில் படகு ஏறினார்கள். அலையாத்திக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி தேவை என்பதால் முன்னாலேயே விசாரித்து வைத்திருந்தார்கள். இங்கே பெரும்பாலும் வெண்கண்டல் மரங்கள். சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக் கொண்டிருப்பவை அதன் மூச்சு வேர்கள். மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். படகோட்டி ஒரு இலையைக் காட்டி, தடவி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். பிள்ளைகள் முகம் சுளித்தார்கள்.

அவர் சொன்ன இன்னொரு செய்திதான் விவசாயியின் மனதில் நின்றது. ஒரு காலத்தில் மரங்களை வெட்டியதால் காட்டின் நடுவே வெட்டவெளிகள் உண்டாயின. அங்கே தேங்கிய கடல்நீர் வெயிலில் சுண்டி உப்பு ஏறியதில், வெண்கண்டலே முளைக்காமல் போனது. பிறகு மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, அலைநீர் வந்து திரும்பும்படி செய்த பிறகே கன்றுகள் பிடித்தன. உப்பில் வாழப் பிறந்த மரத்துக்கே தேங்கிய உப்பு ஆகவில்லை என்றால், வடிகால் இல்லாத தென்னந்தோப்பு என்ன பாடுபடும்?

உப்பளத்தில் ஒரு கணக்கு

இரவு வேதாரண்யத்தில் தங்கினார்கள். மறுநாள் விடியலில் கொடியக்கரை சரணாலயத்தில் வெளிமான் கூட்டத்தைப் பார்த்தார்கள். சோழமண்டலக் கரை மேற்கே திரும்பும் முனை இது. வலசை வந்த பறவைகளில் சில இன்னும் திரும்பிப் போகவில்லை. மரங்களில் புயலின் காயம் தெரிந்தது. தாத்தா அவற்றையே பார்த்துக் கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் உப்பு அள்ளிய இடம். நினைவுத் தூணைப் பார்த்துவிட்டு உப்பளப் பக்கம் நின்றார்கள். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போகப் போக நீர் சுண்டுகிறது. நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. கரிக்கும் நீரைப் பாய்ச்சும் தோப்பிலும் நடப்பது இதுதான். நீரின் உப்பு அளவு 2 டெசி சைமன்ஸ் என்றால், லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் உப்பு. மரத்துக்கு நாளுக்கு 60 லிட்டர் விட்டால் 100 நாளில் ஏழரை கிலோவுக்கு மேல் உப்பு வேரடியில் சேரும். மழை அதைக் கழுவி இறக்க வேண்டும், அது வெளியேற வடிகாலும் வேண்டும்.

புலத்துக் குட்டைகள்

வேதாரண்யத்தைச் சுற்றி ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், கத்தரிப்புலம் என்று 'புலம்' சேர்ந்த ஊர்கள் பல. மாவும் முல்லையும் விளையும் மணல் பூமி. வழியில் ஒரு முல்லைத் தோட்டத்தில் சிறு குட்டையைக் கண்டு காரை நிறுத்தினார்கள். தண்ணீரைக் குடித்துப் பார்த்தார் விவசாயி. இனித்தது. "வேகமா இறைச்சா கரிச்சிடும்யா. காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். அவ்வளவுதான்" என்றார் தோட்டக்காரப் பெரியவர்.

காரணம் எளிது. மணலில் இறங்கும் மழைநீர், எடை கூடிய உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அதையே திருப்பிப் பார்க்க வேண்டும். இறைத்து இறைத்து நன்னீர் மட்டத்தை 1 அடி குறைத்தால், கீழிருந்து உப்பு நீர் நாளடைவில் 40 அடி மேலேறும். போரை ஆழப்படுத்துவது பல இடங்களில் அந்த உப்பு நீரைத் தேடிப் போவதாகவே முடியும்.

காரில் ஏறியும் தாத்தா வெகுநேரம் பேசவில்லை. முத்துப்பேட்டை தாண்டியதும் மெல்லச் சொன்னார்: "நம்ம கொல்லையிலயும் ஒரு குட்டை இருந்துச்சு தம்பி. பத்து தென்னை கூடுதலா வைக்கலாம்னு நான்தான் தூர்த்தேன்." மகன் பதில் சொல்லாமல் வண்டியை ஓட்டினார். நகை அடகுக்குப் போகவில்லை. பங்குனியில் பழைய இடத்திலேயே குட்டை வெட்டினார்கள். இடத்தைக் கோல் ஊன்றிக் காட்டியவர் தாத்தா.

கேள்வி கேட்ட வாசகருக்கு

1. முதலில் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே நீரில் கழுவிய பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து, அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை பார்ப்பது நல்லது. 0.7 டெசி சைமன்ஸுக்குக் கீழே கவலையில்லை. 3க்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆபத்து.

2. சில இடங்களில் களிமண் அடுக்குக்கு அடியில், ஆழத்தில் நல்ல நீர் இருப்பதும் உண்டு. ஆனால் நடுவிலுள்ள உப்பு நீர் அடுக்கைச் சரியாக அடைக்காமல் குழாய் இறக்கினால் அந்த நீரும் கெடும். நிலத்தடி நீர் ஆய்வு இல்லாமல் இறக்கக் கூடாது.

3. ஒரே மூச்சில் இறைக்காமல், விட்டு விட்டு இறைக்க வேண்டும். மழைநீரைத் தேக்க மேட்டுப் பகுதியில் ஆழமில்லாத குட்டை வெட்டலாம்.

4. தென்னையைச் சுற்றி 1.8 மீட்டர் வட்டத்தில் 100 உரிமட்டைகளைக் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி பரப்பினால் நீர் ஆவியாவது குறையும், உப்பு மேலே படிவதும் குறையும்.

5. தோப்பில் வடிகால் அவசியம். மழைக்காலத்தில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். ஜிப்சம் களர் நிலத்துக்கான மருந்து. உவர் நிலத்துக்கு அதை வாங்கிப் போடுவது வீண் செலவு.

தை, மாசியில் இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால், வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துக் கொண்டு இந்தச் சாலையில் மெதுவாக ஒரு முறை போய் வரலாம்.