மூலமும் நகலும்

பழவேற்காடு என்றவுடன் ஏரியும், பூநாரைக் கூட்டமும், இறாலும் நண்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே குப்பங்கள் நிறைந்திருக்கும் அந்த ஊரின் பெயர் ஒரு காலத்தில் துணியின் பெயராகவும் விளங்கிற்று, இன்றும் விளங்குகிறது. மலேசியாவிலும் இந்தோனேஷியாவிலும் ஆடவர் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குப் ‘பெலிக்காட்’ என்று பெயர். பழவேற்காடுதான் அந்நாட்டார் நாவில் அவ்வாறு திரிந்தது.

இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் நகல் எடுப்பது. கம்ப்யூட்டரில் சித்திரம் வரையும் இளைஞர்களுக்கு இதைவிடப் பழக்கமான காரியம் வேறு இல்லை. ஒரு பூவை வரைந்துவிட்டு இரண்டு விசைகளை அழுத்தினால் மற்றொரு பூ வந்துவிடுகிறது. இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் ‘கண்ட்ரோல்’ விசையையும் ‘டி’ விசையையும் சேர்த்து அழுத்தினால் புதிய பூ பழைய பூவின் மேலேயே அச்சாகப் படிந்து நிற்கும். பழகாதவர்கள் ஒன்றும் நடக்கவில்லையென்று எண்ணி மறுபடியும் அழுத்துவார்கள். ஒரு பூவின் மேல் பத்துப் பூக்கள் குவிந்திருப்பது பிறகே தெரியவரும்.

இவ்வாறு பிறக்கும் நகலுக்கு மூலத்தோடு எவ்வித உறவும் இல்லை. மூலத்தின் நிறத்தை மாற்றினால் நகல் மாறாது. அதே மென்பொருளில் ‘ஆல்ட்’ விசையோடு ‘டி’யை அழுத்தினால் வேறு வகை நகல் பிறக்கிறது. அது மூலத்தோடு கண்ணுக்குத் தெரியாத நூலால் கட்டப்பட்டது. மூலத்தைச் சிவப்பாக்கினால் நூறு நகல்களும் அக்கணமே சிவக்கும். இந்த யோசனை நேற்று முளைத்ததன்று. 1963-ஆம் வருஷம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையில் இவான் ஸதர்லண்ட் என்ற அறிஞர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற திட்டத்தைத் தம் ஆராய்ச்சி நூலில் விளக்கினார். அறுகோணம் ஒன்றைத் திரை முழுவதும் அடுக்கி, பிறகு மூல அறுகோணத்தை அரைவட்டமாக மாற்றினால், அறுகோணங்கள் யாவும் மீன் செதிலாகிவிடும் என்பது அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று.

மீன் செதிலும் வலைக் கண்ணும் குப்பத்து ஜனங்களுக்குப் புதியவை அல்ல. கையால் வலை பின்னிய காலத்தில் ஒவ்வொரு கண்ணும் ஒரே அளவாக அமைவதற்குச் சிறு பலகைத் துண்டு ஒன்றை அளவாக வைத்துக்கொண்டு முடிச்சுப் போடுவார்கள். அந்தத் துண்டின் அகலம் பிசகினால் வலை முழுவதும் பிசகும்.

நெசவிலும் இதே நியாயந்தான். கட்டம் போட்ட துணிக்கு முதலில் பாவு ஓட்டவேண்டும். இத்தனை இழை சிவப்பு, இத்தனை இழை நீலம் என்ற வரிசையைப் பாவில் ஒரு முறை அமைத்துவிட்டால், அது துணியின் நீளம் முழுவதும் தொடர்ந்து செல்லும். அதே வரிசையை ஊடையில் மறுபடி மறுபடி எறியும்போது கட்டம் பிறக்கிறது. ஊடையில் ஓர் இழை தவறினால் அந்த இடத்தோடு போயிற்று. பாவில் ஓர் இழை தவறினாலோ துணி முடியும் வரையில் அந்தக் குறை கூடவே வரும். ஸதர்லண்டின் மூலமும் நெசவாளியின் பாவும் இவ்வகையில் ஒரே தத்துவத்தைச் சேர்ந்தவை.

நிற்க. பழவேற்காட்டின் சரித்திரமே நகல்களின் சரித்திரம் என்று சொல்லலாம். டச்சுக்காரர்கள் அங்கே 1613-ஆம் வருஷம் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுவே. இங்கே வாங்கிய துணியைக் கிழக்குத் தீவுகளில் கொடுத்து, வாசனைத் திரவியங்களை வாங்கினார்கள். தீவுக்குத் தீவு ஜனங்களின் ருசி மாறுபட்டது. ஆகவே மாதிரித் துணிகளை வரவழைத்து, அவற்றைப்போல் நெய்து தரும்படி நம் நெசவாளிகளிடம் கொடுப்பார்கள். பின்னர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து தேசத்து நெசவாளிகள் நம் கட்டங்களைப் பார்த்துக் கைக்குட்டைகள் நெய்தார்கள். அவற்றுக்கும் ‘புலிக்கேட்’ என்றே பெயர் வழங்கிற்று. பெயர் கடல் கடந்து சென்றது. கூலி திரும்பி வரவில்லை.

ஆகையால் நகல் எடுப்பதே குற்றம் என்று வாதிப்பது பொருந்தாது. நம்மவர்களும் மாதிரியைப் பார்த்தே நெய்தார்கள். ஆனால் அந்த மாதிரி நெசவாளிக்கு வேலை கொடுத்தது. அவனுக்கு வேலை இல்லாமற் செய்யும் நகல் வேறு ஜாதி. விசைத்தறியில் நெய்த துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பது நூலை அறுத்த நகலாகும். இதைத் தடுக்கவே 1985-ஆம் வருஷம் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கும் சட்டம் நிறைவேறிற்று. முதலில் 22 ரகங்கள் இருந்தன. பிறகு அவை 11 ஆகக் குறைந்தன. எஞ்சியவற்றில் லுங்கியும் ஒன்று. 2006-ல் கைத்தறி முத்திரையும் வந்தது. எனினும், வாங்குகிறவர் கேட்டுப் பார்க்காவிட்டால் சட்டமும் முத்திரையும் என்ன செய்யும்?

இப்பொழுது பழந்துணி ஒன்றைப் படம் பிடித்து, அதன் கட்டத்தைக் கம்ப்யூட்டரில் அடுக்கி, அரை மணி நேரத்தில் ஆயிரம் கெஜத்துக்கு மாதிரி தயாரித்துவிடலாம். அந்தச் சௌகரியத்தை வேண்டாமென்று சொல்வது பேதைமை. கைத்தறிக்காரருக்கும் அது உதவக்கூடியதே. புதிய வர்ணத்தைப் பாவு ஓட்டுமுன் திரையில் பார்த்துக்கொண்டால் நூலும் சாயமும் வீணாகா.

சித்திரம் வரையும் இளைஞர்களிடம் நாம் வேண்டுவது மிகச் சிறிய காரியம். எந்த ஊர்த் துணியிலிருந்து எடுத்தீர்களோ, அந்த ஊரின் பெயரைச் சித்திரத்தோடு எழுதி வையுங்கள். நெய்தவர் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால், அவரைக் கேட்டு, அவருக்குரிய பங்கைக் கொடுத்த பின் எடுங்கள். வீட்டுக்கு லுங்கி வாங்குகிறவர்கள் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். மூலத்தையும் நகலையும் இணைக்கும் நூலைக் கம்ப்யூட்டர் தானே காப்பாற்றிக்கொள்கிறது. சந்தையில் அதைக் காப்பாற்ற மனிதர்தாம் வேண்டும்.