நிழல் வாசலுக்கு ஒரு மரம்

எங்கள் வீட்டு வாசலில் மூன்று கறிவேப்பிலைச் செடிகள் செத்துப்போயின. மூன்றுக்கும் நான்தான் பொறுப்பு.

ஈராண்டுக்கு முன் அம்மா தம் பழைய வீட்டைக் காலிசெய்துவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தார். அந்த வாசலில் அப்பா வைத்த கறிவேப்பிலை கதவு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அந்த மாடியில் யார் வீட்டில் தாளிப்பு என்றாலும் ஒரு கொத்து ஒடிக்க அங்குதான் வருவார்கள். வந்தவர்கள் அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் போவார்கள். புது வீட்டில் வாசலில் மரமும் இல்லை, கதவைத் தட்ட ஆளும் இல்லை.

ஆளைக் கொண்டுவர என்னால் முடியாது, மரத்தையாவது கொண்டுவரலாம் என்று நர்சரிக்குப் போனேன். முதல் செடி இரண்டு மாதத்தில் கம்பி மாதிரி நீண்டு வெளிறியது. மண் சரியில்லை என்று நினைத்தேன். இரண்டாவதற்குப் புது மண். மூன்றாவதற்கு உரம். அதன் கடைசி இலையும் உதிர்ந்த அன்று அம்மா சொன்னார்: “போதும், இனிமே வாங்காதே. வாசல்ல செத்த செடியைத் தினமும் பார்க்க முடியலை.”

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

குறை மண்ணிலும் இல்லை, உரத்திலும் இல்லை. கறிவேப்பிலை வெயிலில் வளரும் மரம். தினமும் ஐந்தாறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். எங்கள் வீவக தாழ்வாரமோ வடக்குப் பார்த்தது. காலை நிகழ்ச்சிக்காக இருட்டிலேயே கிளம்பிவிடும் எனக்கு, அந்த வாசலில் எப்போது வெளிச்சம் விழுகிறது என்பதே தெரியாது. நாள் முழுக்க வீட்டில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியும். கேட்டபோது பட்டென்று சொன்னார்: “ஜூன் மாசம் காலையில கதவு வரைக்கும் வெயில் வரும். டிசம்பர்ல எட்டிக்கூடப் பார்க்காது.”

அம்மா சொன்னது வானியல் கணக்கு. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே இருக்கிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வரும். இடைப்பட்ட ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அது வடக்கே சாய்ந்திருக்கும். ஆண்டின் மீதி மாதங்களில் தெற்கே. ஆகவே வடக்கு வாசலுக்கு ஆண்டின் நடுவில் சாய்வெயில் கிடைக்கும், ஆண்டு முடிவில் கிடைக்காது. தெற்கு வாசலுக்கு இதற்கு நேர்மாறு. ஜூனில் ஜம்மென்று இருந்த செடி டிசம்பரில் வாடினால், உங்களைத் திட்டிக்கொள்வதற்கு முன் திசையைப் பாருங்கள்.

செடி வாங்கும் முன் இன்னொரு சோதனையும் உண்டு. பகல் பன்னிரண்டு மணிக்குத் தொட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஒரு முழம் மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தெளிவாக நிழலாக விழுந்தால் நல்ல வெளிச்சம். கை மங்கலாகத் தெரிந்தால் நடுத்தரம். நிழலே விழவில்லை என்றால் அங்கே எந்த மரமும் மெல்ல மெல்லத்தான் பட்டினி கிடந்து சாகும். எங்கள் வாசலில் கை மங்கலாகத் தெரிந்தது. எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

இந்த அளவு வெளிச்சத்தில், ஆண்டு முழுக்க இலையோடு நிற்கக்கூடிய சிறு மரங்கள் சில உண்டு. விசிறி இலையோடு கொத்தாக வளரும் ராப்பிஸ் பனை மெதுவாகத்தான் வளரும். நேரடி வெயில் பட்டால்தான் மஞ்சளாகும். மிங் அராலியாவின் பொடி இலைகள் பார்க்க அழகு, ஆனால் இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு இலைகளைக் கொட்டிவிடும். டிரசீனா வகைகள் எதையும் தாங்கும். அதிலும் முழுப் பச்சை இலை உள்ளதையே எடுங்கள். மஞ்சள், வெள்ளைக் கோடு போட்டவற்றுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும்.

பட்டியலை அம்மாவிடம் காட்டினேன். “வாசல்ல ஒரு மரம்னா சமையலுக்கு ஒரு இலையாவது குடுக்கணும்,” என்றார். அத்தோடு பட்டியல் முடிந்தது.

விடை இரண்டு வீடு தள்ளி இருந்தது. அங்கே குடியிருக்கும் மலாய் மாக்சிக்கின் வாசலில் மெல்லிய தண்டும் வளைந்து தொங்கும் நீள இலைகளுமாக ஒரு சிறு மரம். தினமும் அதைத் தாண்டித்தான் மின்தூக்கிக்குப் போகிறேன்; ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அன்று நின்று கேட்டேன். சூஜி என்றார் மாக்சிக். “சூஜி கேக் செய்யற ரவையா?” என்று அம்மா குழம்ப, மாக்சிக் சிரித்துவிட்டார். இது டிரசீனா குடும்பத்துச் செடி, நம் வட்டாரத்துக் காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளர்வது. இதன் இலையை அரைத்துப் பிழிந்த சாறுதான் குவே பலகாரங்களுக்கு அந்த அடர்ந்த பச்சை நிறத்தைக் கொடுக்கிறது. வாசம் இருக்காது, வாசத்துக்குப் பாண்டான் இலையைச் சேர்த்துக்கொள்வார்கள்.

மாக்சிக் அங்கேயே மூன்று தண்டுகளை வெட்டிக் கொடுத்தார். ஒரே தொட்டியில் மூன்றையும் நெருக்கமாக நட்டால் அடர்த்தியாகத் தெரியும் என்றும் சொன்னார். காசு கேட்கவில்லை. கறிவேப்பிலைகளுக்கு நான் செலவழித்த வெள்ளியை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

வைக்கும்போது சில கணக்குகள் முக்கியம். அவசரத்துக்குத் தள்ளுபடுக்கை போக வேண்டிய பாதை அது, 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. தொட்டி விளிம்பிலிருந்து அளக்காமல், விரிந்த இலை நுனியிலிருந்து அளந்துபாருங்கள். தடுப்புச் சுவர்மேல் தொட்டியை வைக்கவே வேண்டாம்.

நிழலில் மண் மெதுவாகத்தான் காயும். அதனால் நிழல் செடிகள் தாகத்தால் சாவதைவிட வேர் அழுகிச் சாவதே அதிகம். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி வேண்டாம், ஈரம் தேங்கிவிடும். தொட்டிக்கடியில் தட்டு இருந்தால் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், இறுகிய மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டு வெளியே பறக்க ஒரு வாரம் போதும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்பி, ஈரத்துணியால் இலையைத் துடைத்தால் போதும். மாவுப்பூச்சி வந்திருந்தால் அப்போதே கண்ணில் படும்.

நட்டு ஓராண்டு ஆகிறது. மரம் இப்போது என் இடுப்பளவு. தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மா முதல் முறையாக இலை பறித்து, மாக்சிக் சொல்லிக் கொடுத்தபடி சாறெடுத்து, பச்சை நிறத்தில் புட்டு மாயம் பிழிந்தார். ஒரு தட்டு இரண்டு வீடு தள்ளிப் போனது.

கறிவேப்பிலை இப்போது தேக்காவிலிருந்துதான் வருகிறது. அதில் அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு. அப்பா வைத்த மரத்துக்கு இது ஈடாகாது, ஆக வேண்டியதும் இல்லை.

போன சனிக்கிழமை மாலை யாரோ கதவைத் தட்டினார்கள். மாக்சிக்தான். அவர் வீட்டிலேயே சூஜி இருக்கிறது, இலைக்காக வரவில்லை. இருவரும் பாசார் மலாயில் பேசி முடிக்க இரவு எட்டு மணி ஆகிவிட்டது. அன்று இரவுச் சமையலை நான்தான் செய்தேன்.