முதலாம் ஆண்டை மறந்த தலைமை

தேர்வு முடிவு வெளிவந்த மறுநாளே பள்ளி வாயிலில் பதாகை கட்டிய காலம் ஒன்றிருந்தது. சிறப்புத் தேர்ச்சி பெற்ற மாணவர்களின் படங்கள் அதில் வரிசையாக நிற்கும்; சில பதாகைகளில் அவர்களினும் பெரிதாகத் தலைமையாசிரியரின் படம் நிற்கும். 1988 இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021 இல் நீக்கப்பட்டது. பதாகை போயிற்று, அதைக் கட்டிய மனப்பான்மை போகவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

அம்மனப்பான்மை யாது? ஆறாம் ஆண்டுதான் பள்ளி என்று எண்ணுவது. திறன்மிக்க ஆசிரியரை ஆறாம் ஆண்டில் அமர்த்திவிட்டு, பணிக்குப் புதியவரையும் ஓய்வுபெறும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவரையும் முதலாம் ஆண்டுக்கு அனுப்புவது. பின்னர், உயிர்மெய் எழுத்துகளையே தடுமாறாமல் வாசிக்கவியலாத பிள்ளையை ஆறாம் ஆண்டில் கண்டு திடுக்கிட்டு, மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, விடுமுறை வகுப்பு என்று அடுக்குவது. அவ்வகுப்பிலும் ஒரு வேற்றுமை! 'ஏ' பெறக்கூடியவன் முன்வரிசையில், எட்டாதவன் பின்வரிசையில். இதற்கா தலைமைத்துவம் என்று பெயர்?

"தலைமையாசிரியர் கண்டிப்பானவர், அதனால்தான் தேர்ச்சி உயர்ந்தது" என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் பாராட்டுவர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தோர் குர்ட் லெவினை மறந்திருக்க மாட்டார்கள். 1930களின் இறுதியில் அவரும் துணைவர்களும் அமெரிக்காவில் பத்து வயதுச் சிறுவர் குழுக்களை மூவகைத் தலைமையின்கீழ் வைத்து ஆராய்ந்தனர். அதிகாரத் தலைவரின்கீழ் சிறுவர்கள் நன்றாகத்தான் வேலை செய்தனர், அவர் அறையில் இருந்தவரை! அவர் வெளியேறியதும் வேலை வெகுவாகக் குறைந்தது. கலந்து முடிவெடுத்த குழுவோ தலைவர் இல்லாதபோதும் பணியைத் தொடர்ந்தது. தேர்வு மண்டபத்தில் நம் பிள்ளையின் அருகில் நிற்பவர் யார்? தலைமையாசிரியருமல்லர்; பாட ஆசிரியருமல்லர்.

அதற்காக, எல்லாரிடமும் இன்முகம் காட்டி எவரையும் எதுவும் கேளாதிருப்பதே நன்று என்று நான் கூற வரவில்லை. அது தலைமையே அன்று. மேடையேறி ஊக்கவுரை ஆற்றுவதும் போதாது. நியூசிலாந்துக் கல்வியறிஞர் விவியன் ராபின்சன், துணை ஆய்வாளர்களுடன் 2008 இல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டார். மனங்களை எழுச்சியுறச் செய்யும் தலைமையைவிட, கற்றல் கற்பித்தலில் நேரே ஈடுபடும் தலைமை மாணவர் அடைவில் மூன்று நான்கு மடங்கு மிகுதியான விளைவைத் தருகின்றது என்று கண்டார். அதிலும் ஆசிரியர்களோடு அமர்ந்து தாமும் கற்கின்ற தலைவரால் விளைவதே மிகப் பெரிது.

நம் தலைமையாசிரியர் எங்கே அமர்ந்திருக்கிறார்? கோப்புகளின் நடுவே. கேட்டால், நேரமில்லை என்பார். இலாகாவின் சுற்றறிக்கைகள் மிகுதி என்பது மெய்தான். நானும் அவற்றுக்கிடையே உழல்பவனே. ஆயினும் நம் தமிழ்ப்பள்ளிகளுள் 150 பேருக்கும் குறைந்த மாணவர்களைக் கொண்டவை பல. 60 பிள்ளைகள் பயிலும் பள்ளியில் நாளொன்றுக்கு 12 பேரை அருகழைத்து வாசிக்கச் சொன்னால், ஒரே வாரத்தில் பள்ளி முழுவதன் குரலையும் கேட்டுவிடலாம். எந்த ஆசிரியருக்கு எந்த உதவி தேவை என்பது எந்தக் கோப்பையும் திறவாமலே விளங்கிவிடும்.

இன்று வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை தேர்ச்சி நிலைகள் வழங்குகின்றோம். "நம் பள்ளியில் எவரும் 3 க்குக் கீழே இருத்தலாகாது" என்று கூட்டத்தில் ஆணை பிறந்தால், மறுவாரமே எண்கள் உயர்ந்துவிடுகின்றன. பிள்ளை உயர்ந்தானா? மலாய்மொழியில் தடுமாறி, இடைநிலைப்பள்ளியின் வாசலிலேயே புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழிக்கப்போகின்றவன் அவனல்லவா? பொய்யான எண்ணோடு நேரே முதலாம் படிவத்துக்குள் சென்றாலோ, புரியாத பாடங்களின் நடுவே ஊமையாய் அமர்ந்திருப்பான். ஆணையிட்டவர் அங்கு வரமாட்டார்.

அடுத்த ஆண்டுக்கான ஆசிரியர் பொறுப்புப் பட்டியல் விரைவில் தயாராகும். அதில் முதலாம் ஆண்டு வகுப்பாசிரியரின் பெயரைத் தலைமையாசிரியர் முதலில் எழுதட்டும். பள்ளியின் ஆகச் சிறந்தவரின் பெயராக எழுதட்டும். எழுதாவிடில், ஏன் எழுதவில்லை என்று ஆசிரியர்கள் கூட்டத்திலேயே எழுந்து கேட்க வேண்டும்.